இரவில் ஓட வேண்டிய ஜாப்: கிரானா, பிபிஎஸ்ஸா, ஸ்லர்மா?

மாலை ஆறு மணிக்குக் கென்ட் ரிட்ஜ் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து புறப்படுமுன் கணக்கீடு ஒன்றை, அதாவது ஒரு ஜாப்பை, பலர் பகிரும் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு, அது நள்ளிரவு தாண்டியே தொடங்க வேண்டும் என்று நினைப்பவருக்கு மூன்று வழிகள் உள்ளன: குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கிரான், ஜாப்களை வரிசைப்படுத்தி ஓட்டும் ஷெட்யூலர்களான பிபிஎஸ், ஸ்லர்ம். சிங்கப்பூரில் இவை மூன்றையும் அறிந்திருப்பது நல்லது. தேசிய மீக்கணினி மையத்தின் ஆஸ்பையர் 2ஏ மீக்கணினி பிபிஎஸ் புரோவைப் பயன்படுத்த, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் கணினிப் புலத்தின் கிளஸ்டர் (கணு எனப்படும் பல கணினிகளை இணைத்த தொகுதி) ஸ்லர்மைப் பயன்படுத்துகிறது.

பழக்கத்தால் முதலில் கை நீள்வது கிரானை நோக்கித்தான். ஆனால் கிரான் பதிவு, அதை எழுதிய ஒரே லாகின் கணுவுக்கு, அதாவது பயனர்கள் எல்லாரும் உள்நுழையும் கணினிக்கு, உரியது. அந்த நேரத்தில் அக்கணு பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தால், ஜாப் வரிசைக்கே வந்து சேராது, தவறிய ஓட்டத்தைக் கிரான் பின்னர் ஈடு செய்வதும் இல்லை. கணக்கீட்டையே லாகின் கணுவில் ஓடவிடுவது, கூட்டுக்குடும்பத்தில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு தூங்குவதற்கு ஒப்பாகும்.

மற்ற இரண்டிலும் காத்திருக்கும் பொறுப்பை ஷெட்யூலரே ஏற்கிறது. பிபிஎஸ்ஸில் ‘ஏ’ தெரிவுடன் 0130 (இரவு 1.30) என்று தந்தால், அந்நேரம் கடந்திருக்கும் பட்சத்தில் மறுநாள் என்று பொருள்கொண்டு, ஜாப்பைக் காத்திருப்பு நிலையில் வைக்கும். இலக்கங்களை இடைவெளியின்றி அடுக்கும் இம்முறையில் மாதமே முன்னால் வரும். மாதத்துக்கு முன் தேதியை எழுதும் சிங்கப்பூர் வழக்கப்படி நவம்பர் 5ஐ 05110130 எனக் குறித்தால், அது மே 11 ஆகிவிடும். ஸ்லர்மின் ‘பிகின்’ தெரிவோ ‘இப்போதிலிருந்து எட்டு மணி நேரம்’ என்னும் வகையிலும் நேரத்தை ஏற்கிறது. ‘டீடைம்’ என்றால் மாலை 4 மணி என்பதும் அதற்குத் தெரியும்.

இரண்டுக்கும் பொதுவான, பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்றுண்டு. குறித்த நேரம் என்பது ‘அதற்கு முன் வேண்டாம்’ என்ற வரம்பே தவிர, ‘அப்போதே தொடங்கு’ என்ற உத்தரவாதமன்று. நள்ளிரவு 1.30க்குக் கணுக்கள் நிறைந்திருந்தால் ஜாப் காத்துக்கொண்டே இருக்கும். அதோடு, ஸ்லர்மில் வயதுக்கான (காத்திருந்த காலத்துக்கான) முன்னுரிமை, ஜாப் தொடங்கத் தகுதிபெற்ற நேரத்திலிருந்தே கணக்கிடப்படுவதால், மாலையிலேயே கொடுத்ததால் வரிசையில் எந்தச் சலுகையும் கிடைக்காது. குறித்த நிமிடத்தில் தொடங்கியே ஆக வேண்டுமானால் நிர்வாகியிடம் கணுக்களுக்கு முன்பதிவு கேட்பதே முறை. அது முடியாதபோது, ஓடும் நேரத்தை மிகையாகக் கேட்காமல் சரியாகக் குறிப்பிட்டால், பெரிய ஜாப்களுக்கு இடையிலான இடைவெளியில் நம்முடையதை நுழைக்க ஷெட்யூலருக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

ஜாப்பின் கட்டளைகள் அடங்கிய ஸ்கிரிப்டை ஒப்படைத்த பின் மாற்றுவதிலும் கவனம் தேவை. பிபிஎஸ்ஸும் ஸ்லர்மும் ஒப்படைக்கும் கணத்திலேயே அதைப் படியெடுத்துக்கொள்வதால், இரவு எட்டு மணிக்கு வீட்டிலிருந்து செய்யும் திருத்தம் செல்லாது; ஆனால் அந்த ஸ்கிரிப்ட் அழைக்கும் நிரலும் தரவுக் கோப்பும் ஓடும்போதுதான் வாசிக்கப்படும். பழைய ஸ்கிரிப்ட் புதிய நிரலோடு ஓடிவிட்டுத் தரும் விடையில் பிழையைக் கண்டுபிடிப்பது எளிதன்று.

தினமும் திரும்ப வர வேண்டிய வேலைக்கு, ஸ்லர்ம் 20.11 பதிப்பில் வந்த, கிரான் போன்ற வசதியான ஸ்கிரான்டேபை நிர்வாகி இயக்கியிருந்தால் அதையே தேர்ந்தெடுப்பேன். லாகின் கணு விழுந்தாலும் பதிவு கட்டுப்பாட்டுச் சேவையகத்தில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து கோப்பு வந்து சேர்வதற்காகவே இரவைத் தேர்ந்தெடுத்திருந்தால், நேரத்தை ஊகிக்காமல், கோப்பை இறக்கும் ஜாப் வெற்றியாக முடிந்த பின்னரே அடுத்தது தொடங்குமாறு சார்பு நிபந்தனை வைக்கலாம். அந்த வசதி பிபிஎஸ், ஸ்லர்ம் இரண்டிலும் உண்டு.