ரிவரில் பெரிய ரெய்ஸ் வந்தால்: கால் பண்ணலாமா, ஃபோல்டு பண்ணலாமா?

நோ-லிமிட் ஹோல்டெம் என்ற போக்கர் ஆட்டத்தை ஆடுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் மாட்டியிருப்பார்கள். பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையில், 1,000 சிப்ஸ் கிடக்கிறது. ரிவர் எனப்படும் கடைசிப் பொதுச் சீட்டும் திறந்தாயிற்று. நீங்கள் 600 வைக்கிறீர்கள். எதிரில் இருப்பவர் உட்கார்ந்ததிலிருந்து அடித்து ஆடுகிறவர், அதை 2,400 ஆக ஏற்றுகிறார். உங்கள் கையில் ஸ்பேடு ஏஸ், கிளாவர் ராணி. மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஆர்ட்டின் ராணி, ஆர்ட்டின் 9, கிளாவர் 3, ஸ்பேடு 7, டைமண்ட் 2. ராணி ஜோடி, துணைக்கு ஏஸ். நல்ல கைதான், ஆனால் ஒரே ஒரு ஜோடி.

ஃபோல்டு (சீட்டைக் கவிழ்த்து விலகுவது), கால் (அவர் வைத்ததற்குச் சமமாகப் போடுவது), திருப்பி ஏற்றுவது என்று மூன்று வழி. மூன்றாவதை முதலிலேயே தள்ளிவிடலாம். நீங்கள் ஆல்-இன் போனால் (இருக்கும் சிப்ஸ் எல்லாவற்றையும் வைத்தால்) வெறுங்கையோடு ஏற்றியவர் ஓடிவிடுவார், செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) வைத்திருப்பவர் சந்தோஷமாகக் கால் பண்ணுவார். ஜெயிக்க வேண்டிய கைகளை விரட்டிவிட்டுத் தோற்கப்போகிற கைகளிடம் கூடுதலாகக் கொடுப்பதற்கு எதற்கு ஆல்-இன்? ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டுகளுக்கு) முன்னால் என்றால் கதை வேறு. அங்கே சிப்ஸ் குறைவாக இருக்கும்போது ஒரு ஜாக் ஜோடியோடு ஆல்-இன் போனால் அவர் பயந்தும் போகலாம், கால் பண்ணித் தோற்கவும் தோற்கலாம். ரிவரில் அந்த வசதி இல்லை.

ஆக, போட்டி ஃபோல்டுக்கும் காலுக்கும் இடையில்தான்.

கணக்கைப் பார்ப்போம். கால் பண்ண இன்னும் 1,800 வேண்டும். பாட்டில் 1,000, உங்கள் 600, அவருடைய 2,400 என்று 4,000 இருக்கிறது. நீங்கள் போடுவதையும் சேர்த்தால் 5,800. அதில் 1,800 என்பது ஏறக்குறைய 31 சதவீதம். பத்துக்கு மூன்று தடவைக்குச் சற்று அதிகமாக உங்கள் கை ஜெயித்தால் போதும், கால் நஷ்டமில்லை. பாதிக்கு மேல் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பலர் நல்ல கையைக் கவிழ்க்கிறார்கள். அவர் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. 2,400 போட்டு 1,600-க்குக் குறிவைக்கிறார். நீங்கள் 60 சதவீதத்துக்கு மேல் கவிழ்த்தால், அவர் எந்தச் சீட்டை வைத்து ஏற்றினாலும் லாபம்.

அப்புறம், அவர் கையில் என்னென்ன இருக்கலாம் என்று எண்ணவேண்டும். இதுதான் எனக்கு போக்கரிலேயே பிடித்த வேலை. 9-9, 7-7, 3-3 ஆகிய ஜோடிகள் தலா 3 விதமாக வரலாம், மொத்தம் 9. ராணியும் ஒன்பதும் சேர்ந்த கை 6 விதம், ஏனென்றால் வெளியே மீதி இரண்டு ராணிதான். ஆக உங்களை அடிக்கிற முக்கியமான கைகள் 15. ராணி-ஏழு, 2-2 ஆகியவற்றையும் இப்படி ஏற்றுவார் என்று தோன்றினால் எண்ணிக்கை இன்னும் கூடும். எதிர்ப்பக்கம், ஸ்ட்ரெயிட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டுக்கு) காத்திருந்து தவறவிட்ட ஜாக்-பத்து மட்டுமே 16 விதம். அதுபோக ஆர்ட்டினில் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) வராமல் போன கைகள். 15 கைக்கு எதிராக 7 பிளஃப் (வெறுங்கையோடு ஏற்றுவது) இருந்தாலே உங்களுக்கு வேண்டிய 31 சதவீதம் கிடைத்துவிடும். கேள்வி இப்போது சின்னதாகிவிட்டது: ஜாக்-பத்து தவறினால், இரண்டில் ஒரு தடவையாவது இந்த ஆள் அதை ரிவரில் ஏற்றுவாரா?

அடித்து ஆடுகிறவர் என்று சொன்னதும் உடனே ஆமாம் என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். ஃப்ளாப்பிலும் டர்னிலும் (நான்காவது பொதுச் சீட்டில்) சும்மா சும்மா பெட் வைக்கிறவர் நிறையப் பேர். ரிவரில், அதுவும் அடுத்தவர் வைத்த பெட்டுக்கு மேலே வெறுங்கையோடு ஏற்றுகிறவர் ரொம்பக் குறைவு. முன்பு அவர் ரிவரில் ஏற்றிய கை ஏதாவது திறந்து பார்த்திருக்கிறோமா, அதில் என்ன இருந்தது? எனக்கு இந்த ஒரு தகவல் அவர் அன்றைக்கு வைத்த மற்ற எல்லா பெட்டையும்விடப் பெரிது. அது இல்லாவிட்டால், சிறிய தொகை மேசைகளில் ஃபோல்டு பக்கமே சாய்வேன்.

ஃபோல்டு எப்போதும் பத்திரமான முடிவும் இல்லை. 2003 உலகப் போக்கர் தொடர், லாஸ் வேகாஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ. 839 பேர் ஆடிய முக்கியப் போட்டியில் கடைசியாக மிஞ்சியவர்கள் சாமி ஃபர்ஹாவும் கிறிஸ் மனிமேக்கரும். மேசையில் ஸ்பேடு 9, டைமண்ட் 2, ஸ்பேடு 6, ஸ்பேடு 8, ஆர்ட்டின் 3. ஃபர்ஹாவிடம் ஸ்பேடு ராணியும் ஆர்ட்டின் ஒன்பதும், மேசையின் உயர்ந்த ஜோடி. டர்னில் அவர் வைத்த 3 லட்சத்தை மனிமேக்கர் 8 லட்சமாக ஏற்றினார், ரிவரில் ஆல்-இன் போனார். ஃப்ளஷ் தவறிவிட்டதோ என்று ஃபர்ஹா வாய்விட்டே கேட்டார். தன் கையிலேயே ஒரு பெரிய ஸ்பேடு இருந்ததால் எதிராளியிடம் ஃப்ளஷ் இருக்கும் வாய்ப்பும் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனாலும் கவிழ்த்தார். மனிமேக்கரிடம் இருந்தது ஸ்பேடு ராஜாவும் ஆர்ட்டின் ஏழும், ஒரு ஜோடிகூட இல்லை. 25 லட்சம் டாலரும் பட்டமும் கடைசியில் மனிமேக்கருக்கே போயின. ஃபர்ஹாவைக் குறை சொல்லமாட்டேன். போட்டியில் தோற்கிற சிப்ஸுக்கு வலி அதிகம், பணமேசையில் போல மறுபடி வாங்கி உட்கார முடியாது. ஆனாலும் அவர் சந்தேகப்பட்டது சரியாகவே இருந்தது.

நம் கைக்கு வருவோம். ரிவரில் வெறுங்கையோடு ஏற்றி ஒரு தடவையாவது பிடிபட்டவர் என்றால், ஸ்பேடு ஏஸோடு நான் கால் பண்ணுவேன். ஆர்ட்டின் ஏஸ் அப்போது அவர் கையில் இருக்க முடியும், அதனோடு தவறிய ஃப்ளஷ் கைகளெல்லாம் பிளஃப் கணக்கில் சேரும். அதே ஆள், அதே 2,400, ஆனால் ஆர்ட்டின் ஏஸ் என் கையில் இருக்கிறது என்றால் அந்தக் கைகள் மொத்தமாகக் கணக்கிலிருந்து போய்விடும். பெரும்பாலும் ஜாக்-பத்தை நம்பியே முடிவெடுக்கவேண்டிவரும். அப்போது, நன்றாகத் தெரிந்த ஆளாக இல்லாதவரை, சீட்டைக் கவிழ்த்துவிடுவேன்.