19 அங்குல புல்லட்டில் 17 அங்குல வீல்: நான் ஏமாந்தது எப்படி

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள், அதிலும் வீலை மாற்றி அகலமான டயர் போடலாம் என்று நினைப்பவர்கள், வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 26,000 ரூபாய் போனது. அதைவிட, அப்பாவின் வண்டியோடு வந்த ஒரிஜினல் வீல் ரிம் இரண்டும் போய்விட்டன.

வண்டி 1986 மாடல் புல்லட் 350, திருவொற்றியூரில் செய்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முன்னும் பின்னும் 3.25-19 டயர், அதாவது 3.25 அங்குல அகலம், 19 அங்குல ரிம். ரிம்மில் கொஞ்சம் துரு இருந்தது, அவ்வளவுதான். பழைய வண்டிகளை ஆல்ட்ரேஷன் செய்து தரும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். "19 டயரெல்லாம் இப்ப வர்றதே இல்லண்ணே. ரெண்டு பக்கமும் 17 போட்டுருவோம், பின்னாடி 130 டயர் வச்சா வண்டி கெத்தா நிக்கும்" என்றார் அங்கிருந்தவர். முதல் பொய் இதுதான். 3.25-19 டயர் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. பக்கத்து டயர் கடையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

பத்து நாள் என்று சொல்லி ஐந்து வாரம் இழுத்தார்கள். வண்டியை எடுத்து வந்து வீட்டு வாசலில் சைடு ஸ்டாண்டு போட்டேன். சாயாமல் நேராக நின்றது. பக்கத்து வீட்டுப் பையன் லேசாக இடித்ததும் வலப்பக்கம் விழுந்தது. கிக்கர் வளைந்துவிட்டது. நல்லவேளை, பையன் அந்தப் பக்கம் இல்லை.

ஏன் என்று அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வண்டியை விடுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு. 130/70-17 டயரில் 130 என்பது மி.மீ. அகலம். அதில் 70 சதவீதம், அதாவது 91 மி.மீ., டயரின் உயரம். ரிம்மின் விட்டம் 17 அங்குலம், அதாவது 432 மி.மீ. மேலும் கீழும் 91 சேர்த்தால் மொத்த விட்டம் 614. பழைய 3.25-19 ஏறக்குறைய 650. வித்தியாசம் 36, அதில் பாதி, ஆக, பின் அச்சு 18 மி.மீ. இறங்கிவிட்டது. முன்னால் போட்ட 100/80-17 இன்னும் சிறியது, 592 மி.மீ. அங்கே 29 மி.மீ. இறக்கம். வண்டி கீழே இறங்கியது, சைடு ஸ்டாண்டு மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தது. அதனால்தான் வண்டி சாயாமல் நேராக நின்றது. தெருவில் இருக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும் சைலன்சர் உரசியது.

புல்லட்டில் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் வீலிலிருந்து வருகிறது. வீல் சிறியதானதும் முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 55-இல்தான் போனது. பின் வீலும் சிறியது என்பதால் அதே வேகத்துக்கு என்ஜின் சுமார் 6 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். நிதானமாக ஓட வேண்டிய என்ஜின் அது, சத்தத்திலேயே அதன் சிரமம் தெரிந்தது. ஹேண்டில்பாரும் பழையபடி இல்லை. ஃபோர்க் சாய்வாக இருப்பதால், அதன் மேல்தண்டின் கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். இந்த இடைவெளிதான் வண்டியை நேராகப் பிடித்து வைக்கிறது. முன் வீலைச் சிறிதாக்கியதில் அது ஒன்றரை சென்டிமீட்டர் போலக் குறைந்துவிட்டது. புறவழிச்சாலையில் லாரி கடந்தால் கை நடுங்கியது.

இதெல்லாம்கூட அறியாமையில் செய்தது என்று விட்டுவிடலாம். அடுத்து வருவதை அப்படி விட முடியாது.

மூன்றாவது வாரம் பின் வீலில் போக்ஸ் கம்பி இரண்டு அறுந்தன. வீல் கோணல் இல்லாமல் சுற்றும்படி கோட்டம் எடுப்பதில் கைதேர்ந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்ததும், "தம்பி, கம்பிய எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். புல்லட் ஹப்பில், அதாவது வீலின் நடுவில் கம்பிகள் மாட்டும் பகுதியில், 40 ஓட்டை. இவர்கள் மாட்டியிருந்தது வேறு ஏதோ வண்டியின் 36 ஓட்டை ரிம். ஹப்பில் நான்கு ஓட்டையைச் சும்மா விட்டு, பழைய கம்பிகளையே வெட்டி மறை போட்டுக் கட்டியிருந்தார்கள். எந்த இரண்டு கம்பியும் ஒரே இறுக்கத்தில் இல்லை. சில கம்பிகளின் முனை, கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிளைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டு டியூபைக் குத்தியது. இரண்டு முறை பஞ்சரானது அதனால்தான். ட்யூப்லெஸ் டயர் என்று பில்லில் எழுதிப் பணம் வாங்கியிருந்தார்கள். அந்த ரிம்மில் டியூப் இல்லாமல் காற்று நிற்கவே நிற்காது.

ரிம்மின் மேல் அதன் அகலம் 2.15 அங்குலம் என்று அச்சிட்டிருந்ததைப் பெரியவர் தடவிக் காட்டினார். 130/70 டயருக்கு ரிம் அகலம் குறைந்தது 3 அங்குலம் வேண்டும். குறுகிய ரிம்மில் டயர் பிதுங்கி நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டது. அதன் பிறகு கொத்தனார் மாதிரி நூல் பிடித்துப் பார்த்தார். பின் டயரைச் சுற்றி நூலைக் கட்டி இரண்டு பக்கமும் முன்னால் இழுத்தால், முன் டயருக்கு இருபுறமும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் இல்லை. 82 மி.மீ. டயர் இருந்த இடத்தில் 130 போட்டதால் அது இடப்பக்கம் செயினில் உரசியிருக்கிறது. அதை மறைக்க ரிம்மையே வலப்பக்கம் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். முன் வீல் ஒரு கோட்டில், பின் வீல் வேறு கோட்டில். அந்த வண்டியில் நான் என் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

திரும்பிப் போய்க் கேட்டேன். "நீங்க சொன்னதைத்தான செஞ்சோம்" என்றார்கள். சரி, பழைய ரிம்மையாவது கொடுங்கள் என்றேன். இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம். 26,000-க்கு அவர்கள் கொடுத்த பில்லில் ரிம் அளவும் இல்லை, ஓட்டை எண்ணிக்கையும் இல்லை. புகார் எழுத உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று புரிந்தது.

சட்டமும் என் பக்கம் இல்லை. தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்த நிலையில் ஒரு விபத்து நடந்திருந்தால் இன்சூரன்ஸ்காரரிடம் என்ன சொல்லியிருப்பேன்?

இப்போது பெரியவரே 40 ஓட்டை 19 அங்குல ரிம் இரண்டு தேடிப்பிடித்து, புதுக் கம்பி போட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறார். ஸ்டாண்டில் வண்டி சாய்ந்து நிற்கிறது, ஹேண்டில் ஆடவில்லை. அப்பா ஓட்டிய ரிம்தான் திரும்பி வரப்போவதில்லை.

உங்கள் வண்டி இப்போது இப்படி ஏதாவது பட்டறையில் நின்றால் இன்றே போங்கள். ரிம் அகலம், ஓட்டை எண்ணிக்கை, டயர் அளவு மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய வீல்களை அப்போதே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.