என் மியாட்டாவுக்குக் கோனி போதும்: மோஸ்போர்ட்டில் மூன்று கோடைகள்

2003ஆம் ஆண்டின் மாஸ்டா மியாட்டா கார் ஒன்றை வார நாட்களில் அலுவலகத்துக்கும், கோடையில் ஐந்தாறு நாட்கள் மோஸ்போர்ட் பந்தய டிராக்குக்கும் ஓட்டிச் செல்கிறேன். இந்த மூன்று கோடைகளில் அதன் சஸ்பென்ஷனை இரண்டு முறை மாற்றிவிட்டேன்; முதல் முறை தவறாகவும் இரண்டாம் முறை ஓரளவு சரியாகவும். இப்போது காரில் இருப்பவை கோனி நிறுவனத்தின் மஞ்சள் நிற ‘ஸ்போர்ட்’ ஷாக் அப்சார்பர்களும், அவற்றோடு பொருந்திப்போகும் மிதமான ஸ்பிரிங்குகளும். இந்த விமர்சனம் அவற்றைப் பற்றியதுதான் என்றாலும், எவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு இவற்றிடம் வந்து சேர்ந்தேன் என்பதையும் சொன்னால்தான் வாங்கப் போகிறவருக்குப் பயன்படும்.

மோஸ்போர்ட், டொராண்டோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில், போமன்வில் ஊருக்கு வடக்கே இருக்கிறது. 1961இல் திறக்கப்பட்ட இந்த டிராக்கில்தான் 1967இல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப் கணக்கில் சேர்ந்த முதல் கனேடிய கிராண்ட் பிரீ நடந்தது. 2012 முதல் கனேடியன் டயர் நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நின்றாலும், ஓட்டுபவர்கள் வாயில் அது இன்றும் மோஸ்போர்ட்தான். 3.957 கிலோமீட்டர் நீளத்தில் பத்து வளைவுகள். சமதளம் என்று சொல்லத்தக்க இடம் மிகக் குறைவு. அதிலும் இரண்டாவது வளைவு, மேட்டின் உச்சியைத் தாண்டிய பிறகே முழுதாகக் கண்ணில் படுகிற, சரிவில் இறங்கிக்கொண்டே திரும்ப வேண்டிய வேகமான இடது வளைவு. கடைக்காரர் சஸ்பென்ஷனைப் பற்றிச் சொன்னவற்றில் எது மெய், எது பொய் என்பதை அந்த ஒரு வளைவே காட்டிக்கொடுத்துவிடும்.

1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறை மியாட்டாவுக்கு எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு; ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கரங்கள் பிடித்திருக்கும். அதாவது, கார் சாயும்போது டயரைத் தரையோடு ஒட்டவைக்கும் வடிவமைப்பு வேலையை மாஸ்டாவின் பொறியாளர்கள் முன்பே நன்றாகச் செய்து வைத்திருக்கிறார்கள். நாம் புதிதாகச் சாதிக்க அதிகம் இல்லை. குறை என்று ஒன்றைச் சொல்வதானால், சக்கரம் மேலே ஏறுவதற்கு இருக்கும் இடம் சிறியது. ஷாக் அப்சார்பரின் தண்டு கொஞ்ச தூரம் உள்ளே போனதும் பம்ப் ஸ்டாப் எனப்படும் முட்டு ரப்பரில் போய் இடிக்கிறது. இந்தக் காருக்கு எந்த சஸ்பென்ஷனை வாங்குவது என்ற கேள்வியே, அந்தச் சிறிய இடத்தை எப்படிச் சிக்கனமாகச் செலவழிப்பது என்ற கேள்விதான். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

முதல் கோடையில் வாங்கியது மலிவான ஒரு காயில்ஓவர் செட் (ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்தே வருவது), பெயர் வேண்டாம். ஷாக்கின் எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்க முப்பது சொச்சம் நிலைகள் கொண்ட திருகு, உயரத்தை விருப்பம்போல் ஏற்றி இறக்கும் மறை, கண்ணைப் பறிக்கும் நிறம் என எல்லாம் இருந்தன. சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் இடையே இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்குக் காரை இறக்கினேன். வாகனம் நிறுத்துமிடத்தில் அழகாகத்தான் இருந்தது. டிராக்கில் இரண்டாவது வளைவின் சரிவில் பாதி இறங்கியதும், வெளிப்பக்க முன்சக்கரம் முட்டு ரப்பரில் அழுந்தி நின்றது. அந்தக் கணத்தில் ஸ்பிரிங் பல மடங்கு கடினமானது போலாகி, ஒரே டயரின் மேல் பளு திடீரென்று ஏறி, காரின் மூக்கு வளைவுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனது. ஸ்டியரிங்கை இன்னும் திருப்பினால் தீரும் என்று எண்ணியது என் அனுபவமின்மை. இரண்டு மாதம் கழித்து, பின்பக்க ஷாக் ஒன்றிலிருந்து எண்ணெய் கசிந்து தூசியோடு சேர்ந்து களிம்பாகப் படிந்திருப்பதையும் பார்த்தேன். முப்பது நிலைகளில் பாதிக்கு மேல் எந்த வித்தியாசமும் காட்டவில்லை என்பதைக் கசிவுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த அடிபடலைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றை ஷாக் அப்சார்பரின் பளபளப்பான தண்டைச் சுற்றி இறுக்காமல் கட்டி, உடலை ஒட்டிக் கீழே தள்ளிவிட வேண்டும். தண்டு உள்ளே போகும்போதெல்லாம் அது மேலே நகர்ந்து, போன தூரத்தின் உச்சத்தில் நின்றுவிடும். இருபது நிமிடம் ஓட்டித் திரும்பிய பின் பார்த்தபோது, என் காரில் அந்த டை முட்டு ரப்பருக்குள்ளேயே செருகிக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை, வாங்குவதற்கு முன் புஷ்களை, அதாவது சஸ்பென்ஷன் கரங்களின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளைகளைப் பார்த்தேன். இருபது ஆண்டு பழைய காரில் கண்ட்ரோல் ஆர்ம்கள் எனப்படும் அந்தக் கரங்களின் ரப்பர் புஷ்கள் வெடித்துப்போயிருக்கும். அவற்றை அப்படியே விட்டுவிட்டு ஷாக் வாங்குவது, ஓட்டை வாளிக்குப் பொன்முலாம் பூசுவது போன்றது. ஒண்டாரியோவில் இதற்கு இன்னொரு தண்டனையும் உண்டு. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பினால், கீழ் ஆர்மின் நீளமான அலைன்மென்ட் போல்ட் புஷ்ஷின் உள் குழாயோடு துருவேறி ஒட்டிக்கொள்கிறது. தலையைத் திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொள்கிறதே தவிர, போல்ட் அசைவதில்லை. போல்ட் அசையாவிட்டால் கேம்பரையும், அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்து நிற்கும் கோணத்தையும், சரிசெய்ய முடியாது. நான்கில் மூன்றை ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தோம். அந்தச் சனிக்கிழமையின் இரும்புத்தூள் இன்னும் கராஜ் மூலையில் கிடக்கிறது. புதிய புஷ் போடும்போது, கார் ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கையில் நட்டை முழுதாக முறுக்கிவிடக் கூடாது. ரப்பர் உள் குழாயோடு பிணைந்திருப்பதால், சக்கரம் தன் வழக்கமான உயரத்தில் நிற்கும்போது முறுக்கினால்தான் அது இயல்பு நிலையில் இருக்கும். இல்லையென்றால் கீழே இறக்கிய கணத்திலிருந்தே முறுக்கிக்கொண்டு கிடந்து, ஓரிரு ஆண்டில் கிழிந்துவிடும்.

அடுத்தது ஸ்பிரிங்கின் கடினம். அமெரிக்காவில் ஸ்பெக் மியாட்டா என்ற அமெச்சூர் பந்தய வகையில், பல ஆண்டுகளாக அங்குலத்துக்கு முன்பக்கம் 700 பவுண்டு, பின்பக்கம் 325 பவுண்டு (ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்கத் தேவையான பளு) கொண்ட ஐபாக் ஸ்பிரிங்குகள் வழக்கம். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சாலைக் காருக்கும் அதையே கேட்பவர்கள் பலர். நானும் கேட்க இருந்தேன். ஒரு சிறு கணக்கு தடுத்தது. இந்தக் காரில் முன்சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறினால், ஸ்பிரிங் சுமார் 7 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது. அந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்பதால், ஸ்பிரிங்கின் கடினத்தில் ஏறத்தாழப் பாதியே சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஒரு மூலையில் 250 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், 700 பவுண்டு ஸ்பிரிங்குக்கு விநாடிக்கு சுமார் இரண்டரை அதிர்வு வருகிறது; 300 பவுண்டுக்குச் சற்று மேலிருக்கும் என் ஸ்பிரிங்குக்கு 1.6 அளவில் வருகிறது. முன்னது வழவழப்பான பந்தய டயர் கொண்ட காருக்கு உரியது. 401 நெடுஞ்சாலையின் பாலத்து இணைப்புகள் ஒவ்வொன்றையும் முதுகெலும்பால் எண்ணிக்கொண்டு அலுவலகம் போக எனக்கு விருப்பமில்லை. சாதாரணச் சாலையிலும் ஓடும் 200 டிரெட்வேர் (தேய்மானத்தைத் தாங்கும் அளவைக் காட்டும் எண்) டயருக்கு அவ்வளவு கடினம் தேவையும் இல்லை.

ஷாக் அப்சார்பரில் என் முன் நின்றவை நான்கு. ஜெர்மனியின் பில்ஸ்டீன், ஒற்றைக் குழாயில் உயரழுத்த வாயுவும் எண்ணெயும் மிதக்கும் பிஸ்டனால் பிரிந்திருக்கும் வகை. சூட்டை நன்றாக வெளியேற்றும், முரட்டுத்தனமாக உழைக்கும், ஆனால் இந்தக் காருக்குக் கிடைக்கும் சாதாரண வகையில் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை. ஸ்வீடனின் ஓலின்ஸ் ‘ரோடு அண்டு டிராக்’ செட் நண்பர் ஒருவரின் காரில் இருக்கிறது; பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். ஓரக் கல்லின் மேல் ஏறி இறங்கும்போது அந்தக் கார் ஒரே மூச்சில் அடங்கிவிடுகிறது. என் கார் ஒரு முறை தலையாட்டிவிட்டுத்தான் அடங்கும். நான்கில் நான் பார்த்தவரை சிறந்தது அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விலை கோனியையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து வாங்குவதைவிட இரு மடங்குக்கும் மேல். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே மூன்று விநாடி தவறும் ஓட்டுநர், அந்த வித்தியாசத் தொகையைப் பயிற்சியாளருக்கும் டயருக்கும் கொடுப்பதே முறை என்று கருதினேன். கலிஃபோர்னியாவின் 949 ரேசிங் விற்கும் ஸைடா, மியாட்டாவுக்கென்றே சிந்தித்துச் செய்யப்பட்டது. குறைந்த இடத்தை வீணாக்காத அமைப்பு. டிராக்குக்கு மட்டும் என்று தனிக் கார் வைத்திருப்பவர் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

கோனி நெதர்லாந்து நிறுவனம். 1857இல் குதிரைச் சேணம் செய்யத் தொடங்கியவர்கள். குதிரையின் குலுக்கலிலிருந்து காரின் குலுக்கலுக்கு வந்தது ஒருவிதத்தில் நேர்வழிதான். இந்த மஞ்சள் ஷாக்கில் ஒரே ஒரு சரிசெய்தல் இருக்கிறது: தண்டின் உச்சியில் உள்ள திருகு, அமுங்கிய ஷாக் மீண்டும் விரியும்போது தரும் எதிர்ப்பை மட்டும் கூட்டிக் குறைக்கிறது. அமுங்கும்போது தரும் எதிர்ப்பு தொழிற்சாலையில் வைத்ததே. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கோ இதுவே பாடம் கற்க வசதியாக இருந்தது. ஒரு திருகைத் திருப்பினால் ஒரு மாற்றம்தான் வரும், எதனால் எது வந்தது என்று குழம்ப வேண்டியதில்லை.

முதல் நாள் காலை முழு மென்மையில் ஓட்டினேன். ஐந்தாவது வளைவில், பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸின் பெயர் கொண்ட இரட்டை வளைவில், பிரேக் பிடித்துத் திருப்பும்போது மூக்கு ஒரு முறை ஊசலாடியது. முன்பக்கத்தில் அரைச் சுற்று கூட்டினேன். ஊசல் நின்றது, ஸ்டியரிங் கையில் பேசத் தொடங்கியது. ஆசை யாரை விட்டது? மதிய உணவுக்குப் பின் இன்னும் முக்கால் சுற்று கூட்டினேன். அடுத்தடுத்த மேடுகளில் கார் மெல்ல மெல்லத் தரையை நோக்கி அமுங்கிக்கொண்டே போவதுபோல் இருந்தது. உண்மையில் நடப்பதும் அதுவே: விரிவதற்கு எதிர்ப்பு மிகுந்துவிட்டால், சக்கரம் முதல் மேட்டில் அமுங்கி முழுதாக நீள்வதற்குள் இரண்டாம் மேடு வந்துவிடுகிறது, மிச்சமிருக்கும் இடம் படிப்படியாகக் குறைந்து, கடைசியில் மீண்டும் முட்டு ரப்பர்தான். கேபிள் டையும் அதையே காட்டியது. அரைச் சுற்றுக்கே திரும்பினேன். பின்பக்கத்தை அதைவிடச் சற்று மென்மையாக விட்டேன். மூன்றாம் கோடை முழுவதும் அந்த நிலையை மாற்றவில்லை.

உயரத்தை மாற்றுவதற்கு இதில் மறை கிடையாது. ஸ்பிரிங்கின் தட்டு, ஷாக்கின் உடலில் வெட்டியிருக்கும் பள்ளங்களில் ஒன்றில் வளையத்தின் மேல் அமர்கிறது. மாற்ற வேண்டுமென்றால் ஷாக்கைக் கழற்றி ஸ்பிரிங்கை அமுக்கி எடுத்தாக வேண்டும். எடைத் தட்டுகளில் வைத்து மூலைக்கு மூலை எடையைச் சமன்செய்ய விரும்புபவர் இதை வாங்கக் கூடாது. நான் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை 330 மில்லிமீட்டர் வரும்படி ஒரு முறை வைத்துவிட்டு மறந்துவிட்டேன். அந்த உயரத்தில் தண்டுக்கு இடமிருக்கிறது, கேம்பரும் போதுமான அளவு கிடைக்கிறது.

சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடையில் கேம்பர் முன்பக்கம் எதிர்மறை 2.5 டிகிரி (சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்வது), பின்பக்கம் 2.2 என்று கேட்டதும், அங்கிருந்தவர் முதலில் கேட்டது, “எந்த டயர் போட்டிருக்கிறீர்கள்?” என்று. சஸ்பென்ஷன் விற்ற எவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) பூஜ்யம், பின்பக்கம் மிகச் சிறிய உள்நோக்கு. டிராக்கிலிருந்து வந்ததும் ஊசி வெப்பமானியால் டயரின் உள், நடு, வெளி ஓரங்களை அளந்தபோது, முன்பு எப்போதும் மிகுந்த சூட்டில் இருந்த வெளி ஓரம் மற்ற இரண்டோடு ஏறத்தாழ ஒத்துப்போனது. வெளி ஓரம் தேய்ந்து எறிய வேண்டியிருந்த டயர், இப்போது பருவம் முடியும் வரை தாங்குகிறது.

ஒரு செய்தியை வாங்குபவர் தெரிந்துகொள்வது நல்லது. முன்பக்கத் திருகு இஞ்சின் அறையில் கண்ணெதிரே இருக்கிறது. பின்பக்கத் திருகு டிக்கிக்குள், பக்கவாட்டு விரிப்புக்குப் பின்னால். டிராக்குக்குப் போகும் முதல் நாளுக்கு முந்தைய இரவே அந்த விரிப்பைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு ஓட்டங்களுக்கு இடையே கிடைக்கும் இருபது நிமிடத்தில், தலையை டிக்கிக்குள் விட்டுக்கொண்டு, கைக்கு எட்டாத கிளிப் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள்.