வேகமா, சுற்றா, காந்தமா: மின்னியற்றியின் மின்னழுத்தத்தை இரட்டிக்கும் மூன்று வழிகள்

சீரான காந்தப்புலத்தில் சுழலும் கம்பிச்சுருளில் தூண்டப்படும் மின்னியக்கு விசையின் (சுருளில் பிறக்கும் மின்னழுத்தத்தின்) பெரும மதிப்பு, சுற்றுகளின் எண்ணிக்கை, காந்தப்புலத்தின் வலிமை, சுருளின் பரப்பு, கோணத் திசைவேகம் (நொடிக்குச் சுழலும் முறைகளின் 2π மடங்கு) ஆகிய நான்கின் பெருக்கற்பலன் ஆகும். பரப்பைக் கூட்டினால் எந்திரமே பெரிதாகிவிடும் என்பதால் மற்ற மூன்றை மட்டும் ஒப்பிடுகிறேன்.

100 சுற்றுகளும் 0.01 சதுர மீட்டர் பரப்பும் கொண்ட சுருள், 0.5 டெஸ்லா புலத்தில் நொடிக்கு 25 முறை சுழன்றால், ஏறத்தாழ 78.5 வோல்ட் பெரும மின்னழுத்தம் கிடைக்கும். சுழற்சியை 50 ஆக்கினாலும், சுற்றுகளை 200 ஆக்கினாலும், புலத்தை 1 டெஸ்லாவுக்கு உயர்த்தினாலும் அது 157 வோல்ட் ஆகும். எண் ஒன்றாக இருந்தாலும் கிடைக்கும் மின்சாரம் ஒன்றல்ல.

முதலில் வேகம். அரைச் சுழற்சியில் சுருளோடு பிணைந்த காந்தப் பாயம், அதாவது சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு, எவ்வளவு மாறுகிறது என்பது, எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் மாறாது. மேற்கண்ட சுருளில் அது 1 வெபர் (காந்தப் பாயத்தின் அலகு). அதே மாற்றம் 20 மில்லிநொடிக்குப் பதிலாக 10 மில்லிநொடிக்குள் நிகழ வேண்டியிருப்பதால்தான், அலை குறுகி, அதன் உயரம் இரட்டிக்கிறது. சூத்திரத்தைக் கற்பிப்பதற்கு முன் இந்தப் படத்தை மாணவர் மனத்தில் பதிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அலை குறுகுவதால் அதிர்வெண்ணும் 25 ஹெர்ட்ஸிலிருந்து 50 ஹெர்ட்ஸாகிறது. அதனுடன் சுருளின் தூண்டல் மின்மறுப்பும் (மாறும் மின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பு) இரட்டிப்பதால், பளுவில், அதாவது இணைத்த விளக்கு போன்ற கருவியில், பாயும் மின்னோட்டம் அதே விகிதத்தில் உயர்வதில்லை. மிதிவண்டியை விரைந்து ஓட்டும்போதும் டைனமோ விளக்கு எளிதில் எரிந்து போகாமல் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் சுழலும் பகுதி தாங்க வேண்டிய மையவிலக்கு விசை நான்கு மடங்காகிவிடும்.

சுற்றுகளைக் கூட்டுவது எந்திரத்தைக் கட்டும்போதே முடிவு செய்ய வேண்டியது. அதே இடத்தில் இரு மடங்கு சுற்றுகளை அடைக்க மெல்லிய கம்பி தேவைப்படுவதால், மின்தடை நான்கு மடங்காகும்.

காந்தப்புலத்தை வலுப்படுத்தினால் அதிர்வெண் மாறுவதில்லை. இரும்பு உள்ளகத்தின் சுழல் மின்னோட்ட இழப்பு (இரும்புக்குள்ளேயே தூண்டப்படும் மின்னோட்டம் வெப்பமாக வீணாவது), வேகத்தை இரட்டித்தால் ஏறுவதைப் போலவே இங்கும் நான்கு மடங்காகும். ஏறத்தாழ 2 டெஸ்லாவை நெருங்கும்போது இரும்பு தெவிட்டிவிடுவதால் (மேலும் காந்தமாக முடியாத நிலையை எட்டுவதால்) அதற்கு மேல் பெரிய பலனும் இல்லை. இருந்தாலும் மின்நிலையங்களுக்கு இதுவே உகந்த வழி. 50 ஹெர்ட்ஸ் மின் கட்டமைப்பில் இணைந்த, இரு காந்த முனைகள் கொண்ட எந்திரம் நிமிடத்திற்கு 3000 சுற்றுகளிலேயே ஓடியாக வேண்டும் என்பதால், மின்னழுத்தத்தைத் திருத்த, காந்தப்புலத்தை உண்டாக்கும் புலச்சுருளின் மின்னோட்டத்தையே கூட்டிக் குறைக்கிறார்கள். காரின் ஆல்டர்னேட்டரில் வேகம் எஞ்சினோடு ஏறி இறங்குவதால், வேகம் கூடும்போது புலச்சுருளின் மின்னோட்டத்தைக் குறைத்து, ரெகுலேட்டர் மின்னழுத்தத்தை 14 வோல்ட்டுக்கு அருகிலேயே நிறுத்துகிறது.