சத்துவாச்சாரியா, கிண்டியா, டெல்லியா: பசுமை மின்சாரச் சட்டத்துக்கு வர நினைக்கும் வேலூர் ஜூனியருக்கு

"சோலார், காற்றாலை சம்பந்தப்பட்ட கேஸ்தான் பண்ணணும்னு ஆசை சார். இங்கேயே இருக்கட்டுமா, மெட்ராஸ் போகட்டுமா, இல்ல டெல்லியில பாலிசி வேலைக்கு எழுதிப்போடட்டுமா?" என்று ஒரு ஜூனியர் கேட்டார். நீதிமன்ற வராந்தாவில் நின்றபடி நான் சொன்ன பதில் போதாது. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் டெல்லி. மின்சாரம் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் இருக்கிறது. அதனால் மத்திய அரசு எழுதும் ஒரு விதி ராணிப்பேட்டை தொழிற்பேட்டை வரை வந்து சேரும். 2022இல் வந்த பசுமைத் திறந்த அணுகல் விதிகளைப் பாருங்கள். மின்வாரியத்தை விட்டு வெளியிலிருந்து பசுமை மின்சாரம் வாங்க 1 மெகாவாட் தேவை என்றிருந்த வரம்பு 100 கிலோவாட்டாக இறங்கியது. மாற்றியது ஒரே ஒரு எண்ணைத்தான், ஆனால் பெரிய ஆலைகளுக்கு மட்டும் திறந்திருந்த கதவு நடுத்தர ஆலைகளுக்கும் திறந்தது. அப்படி ஒரு வரியை வரைவு செய்யும் மேசையில் உட்காருவது பெரிய வாய்ப்பு, மறுக்கவில்லை.

ஆனால் இதில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, பதிவை நிறுத்தி வைக்க வேண்டும். சிவில் நீதிபதி தேர்வுக்கு 3 ஆண்டு வக்கீல் தொழில் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்துவிட்டது. பாலிசி வேலையில் போகும் ஆண்டுகள் அந்தக் கணக்கில் சேராது. சோலார் கம்பெனிகளின் சட்டப் பிரிவு வேலைக்கும் இதே சிக்கல்தான். அங்கே முதல் மாதத்திலிருந்தே நிலையான சம்பளம் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஒப்பந்தங்களோடுதான் பொழுது போகும்.

அரசுப் பணி எப்படியிருக்கும் என்று பார்க்க மட்டும் ஆசை என்றால், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் (ஃபெலோஷிப்) இருக்கிறது. இரண்டு ஆண்டு, தமிழ் தெரிந்திருக்க வேண்டும், சட்டம் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். டெல்லிக்கு முன் இதை யோசியுங்கள்.

சரி, சத்துவாச்சாரிக்கு, அதாவது நம் வேலூர் நீதிமன்றங்களுக்கு வருவோம். இங்கே பசுமை மின்சார வழக்கு என்று யாரும் பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மாடியில் சோலார் போட்டவர், மின்வாரியத்துக்கு ஏற்றுமதியான யூனிட் பில்லில் கழியவில்லை என்று வருவார். அவரை மின்நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், அங்கே முடியாவிட்டால் சென்னையில் உள்ள மின்குறைதீர்ப்பாளரிடமும் கொண்டுபோக வேண்டும். அனுமதியில்லாத முறையில் மின்சாரம் பயன்படுத்தியதாக மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் அபராத மதிப்பீடு வந்த கடைக்காரர், மேல்முறையீட்டுக்குப் பாதித் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று கேட்டதும் ஆடிப்போவார். சிவில் கோர்ட்டில் தடை வாங்கிவிடலாம் என்று நினைத்தால், இந்த வழக்கை சிவில் கோர்ட் எடுக்கக் கூடாது என்று 145ஆவது பிரிவு குறுக்கே நிற்கும்.

மின்கோபுர இழப்பீட்டு வழக்கு ஒன்று எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பின் குறுக்கே உயரழுத்தக் கம்பி போனது. இழப்பீடு போதவில்லை என்றால் 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின்படி மாவட்ட நீதிபதியிடம்தான் போக வேண்டும். மனு எழுதுவதற்கு முன் நானும் தோப்புக்காரரும் வெட்டிய அடிமரங்களை ஒவ்வொன்றாக எண்ணினோம். இந்த மரத்துக்கு என்ன வயது, ஆண்டுக்கு எத்தனை காய், இன்னும் எத்தனை ஆண்டு காய்த்திருக்கும் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினோம். காற்றாலை மின்சாரமும் இப்படி யாரோ ஒருவருடைய தோப்பைக் கடந்துதான் ஊருக்கு வருகிறது. கொள்கை எழுதப் போகிறவர் அந்த நோட்டை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்.

சின்ன ஊர் என்று தயங்க வேண்டாம். பாலாற்றில் கலந்த தோல் கழிவுக்காக வேலூர் மக்கள் அமைப்பு போட்ட வழக்கில்தான், 1996இல், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இங்கே உள்ள குறை வருமானம். மின்சார வழக்கு மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. செக் கேஸ், பாகப்பிரிவினை எல்லாம் எடுத்தாக வேண்டும்.

மூன்றிலும் நான் கை காட்டுவது சென்னை கிண்டியைத்தான். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அங்கேதான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 86ஆவது பிரிவு, உற்பத்தியாளருக்கும் மின்வாரியத்துக்கும் உள்ள தகராறைத் தீர்ப்பது, புதுப்பிக்கத்தக்க ஆற்றலை வளர்ப்பது என்ற இரண்டு வேலைகளையும் அதற்குக் கொடுத்திருக்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்று தெற்கே உள்ள காற்றாலையில் பங்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சொந்த உபயோக மின்சாரமாகக் கருதப்பட, பயன்படுத்துவோர் கையில் 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும், ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும். அந்த 51 குறைந்தால் அந்தத் தகுதி போய், வெளியில் மின்சாரம் வாங்குவோர் மின்வாரியத்தின் மானிய இழப்பை ஈடுகட்டக் கட்டும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் தலையில் விழும். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த வக்கீலைத் தொழிலதிபர்கள் தேடி வருவார்கள். யூனிட், பேங்கிங் (உபரி மின்சாரத்தை மின்வாரியக் கணக்கில் வைத்துப் பிறகு எடுப்பது), வீலிங் (மின்வாரியக் கம்பி வழியே மின்சாரத்தைக் கொண்டுபோவது) எல்லாம் இன்ஜினியரிடம் உட்கார்ந்து படிக்க வேண்டும், முதல் ஆண்டு தலை சுற்றும். மேல்முறையீடு டெல்லித் தீர்ப்பாயத்துக்குப் போகும், அப்போது நீங்களும் வக்கீலாகவே டெல்லி போகலாம்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 64ஆவது பிரிவு. மின்கட்டண ஆணை போடும் முன் பொதுமக்களின் ஆட்சேபணைகளை ஆணையம் பரிசீலித்தாக வேண்டும். அதாவது வக்காலத்து இல்லாமலே கொள்கையில் தலையிட இடம் இருக்கிறது.

அதனால் அந்த ஜூனியருக்கு நான் சொல்வது: இரண்டு ஆண்டு சத்துவாச்சாரியில் கேஸ் கட்டு பாருங்கள், அப்புறம் கிண்டியில் பழகிய ஒரு சீனியரிடம் சேருங்கள். வேலூர் ஆபீஸை மூட வேண்டாம். காட்பாடியில் காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் கிண்டி. அடுத்த கட்டண மனு அறிவிப்பு வரும்போது மாடி சோலார் பில் ஒன்றை இணைத்து உங்கள் பெயரில் ஓர் ஆட்சேபணை போடுங்கள். வரைவை எழுதிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து திருத்தலாம்.