ஒன்பது மணி முதல் நான்கு மணி வரை என்று சொன்ன ஸ்கேன் சென்டர்

ரேடியாலஜி முடித்துவிட்டு, குடும்பத்தோடு கொஞ்சம் நேரம் கிடைக்கிற வேலையாகத் தேடிக்கொண்டிருக்கும் டாக்டர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஐந்து வருடம் இருந்தேன். மாதம் ஏழெட்டு நைட் டூட்டி. மகளுக்கு மூன்று வயது ஆனபோது இதற்கு மேல் முடியாது என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து ஒரு ஏஜென்சியிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. தென் மாவட்டத்தில் நான்கு கிளைகள் உள்ள ஸ்கேன் சென்டர், காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை, ஞாயிறு லீவு, நைட் கிடையாது. சம்பளம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் அம்மா வீடு பக்கம். 2023 ஜூனில் சேர்ந்தேன்.

நேரத்தைக் கேட்ட நான், ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் என்று கேட்கவில்லை. முதல் வாரம் தினமும் முப்பது அல்ட்ராசவுண்ட். இரண்டாவது மாதம் நாற்பதைத் தொட்டது. எல்லாவற்றுக்கும் பத்து நிமிட டோக்கன், கருவில் இருக்கும் குழந்தைக்கு உறுப்புக் குறை உண்டா என்று பார்க்கும் ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேன் உட்பட. இதயத்தின் நான்கு அறைகள், அதிலிருந்து கிளம்பும் ரத்தக் குழாய்கள், முதுகுத்தண்டு, உதடு, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க, எல்லாம் ஒத்துழைத்தால்கூட இருபது நிமிடமாவது வேண்டும். ஒரு நாள் குழந்தை குப்புறப் படுத்திருந்தது, முகமும் தெரியவில்லை, இதயமும் சரியாகப் பிடிபடவில்லை. அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வரச் சொன்னேன். மேனேஜர் கதவைத் தட்டி, “மேடம், வெளியில இருபது பேர் உட்கார்ந்திருக்காங்க, தெரிஞ்சதை எழுதி அனுப்பிடுங்க” என்றார். நான் அனுப்பவில்லை. நாற்பது நிமிடம் கழித்து அந்தப் பெண் திரும்பி வந்தபோது குழந்தை புரண்டு படுத்திருந்தது, எல்லாம் நன்றாகத் தெரிந்தது. அன்று மாலை முதலாளி போன் செய்து, என்னால் கூட்டம் தேங்குகிறது என்றார்.

நான்கு மணிக்குக் கதவைச் சாத்தியது உண்மைதான். ஆறு மணிக்கு மற்ற மூன்று கிளைகளின் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் வீட்டு லேப்டாப்புக்கு வந்துவிடும். ஒப்பந்தத்தில் “சென்டரின் தேவைக்கேற்ப ரிப்போர்ட்டிங்” என்று ஒரு வரி இருந்தது. படித்தேன், பகல் வேலையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு, காய்ச்சலில் கிடந்த மகளை மடியில் போட்டுக்கொண்டு, விபத்தில் அடிபட்ட ஒருவரின் தலை சி.டி.யைப் பார்த்தேன். நார்மல் என்று அடித்துவிட்டேன். அனுப்புவதற்கு முன் விண்டோவை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மாற்றி இன்னொரு முறை ஓட்டியபோது, மண்டை ஓட்டை ஒட்டி மெல்லிசாக ஒரு ரத்தக் கட்டு, சப்டியூரல். இரண்டாவது முறை பார்க்காமல் இருந்திருந்தால்? இன்னும் நடு ராத்திரியில் விழிப்பு வந்தால் அந்தப் படம் கண் முன்னால் வந்து நிற்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். 2024 ஜனவரியில் நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக வெள்ளி, சனி லீவில் போயிருந்தேன். திங்கட்கிழமை ரிசப்ஷன் பெண் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து வைத்து, “மேடம், சனிக்கிழமை சைன் விட்டுப்போச்சு, போட்டுடுங்க” என்றார். பதினான்கு ஃபார்ம் எஃப். எல்லாவற்றிலும் ஸ்கேன் செய்தவர் என்று என் பெயர் அச்சாகியிருந்தது. அந்தச் சனிக்கிழமை நான் அந்த ஊரிலேயே இல்லை. யார் எடுத்தார்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு இது வெறும் தாளாகத் தெரியலாம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டின் பி.என்.டி.டி. சட்டப்படி கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஃபார்ம் எஃப் இருக்க வேண்டும். அதில் குறை இருந்தால், தப்பு செய்யவில்லை என்று ஸ்கேன் செய்தவர்தான் நிரூபிக்க வேண்டும். முதல் குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறை, மருத்துவக் கவுன்சில் பதிவும் போகும். யாரோ எடுத்த ஸ்கேனுக்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தால் அவ்வளவும் என் தலையில். மறுத்தேன். அன்றே ராஜினாமா கொடுத்தேன்.

அப்புறம்தான் மற்ற விஷயங்கள் தெரிய வந்தன. மூன்று மாத நோட்டீஸ், இல்லாவிட்டால் மூன்று மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். “சரிபார்ப்புக்கு” என்று வாங்கிய என் எம்.டி. அசல் சான்றிதழ் அவர்கள் பீரோவில். நான் ஊழியரே இல்லை, கன்சல்டன்ட், அதனால் பி.எஃப். இல்லை, சம்பளத்தோடு லீவும் இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் மாதாமாதம் பத்து சதவீதம் டி.டி.எஸ். என்று வரி பிடித்தார்கள். என் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏ.எஸ்.-ஐ எடுத்துப் பார்த்தால் கடைசி இரண்டு காலாண்டுக்கு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

இப்போது யாராவது வேலை பற்றிக் கேட்டால், முதலில் ஒரு நாள் முழுக்க அந்த சென்டரில் போய் உட்காருங்கள் என்கிறேன். டோக்கன் நோட்டைப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் அங்கே இருந்த டாக்டர் யார், ஏன் போனார் என்று விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை. எனக்கு முன்னால் ஒன்றரை வருடத்தில் மூன்று பேர் போயிருந்தார்கள். ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை கேஸ், அதற்கு மேல் போனால் என்ன, வீட்டிலிருந்து ரிப்போர்ட் உண்டா, ஒரு படத்துக்கு எவ்வளவு என்பதெல்லாம் எண்ணாகவே ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வாயால் சொன்னது எதுவும் நிற்காது. அசல் சான்றிதழை ஒரு மணி நேரத்துக்குக்கூடக் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டு எடுத்து வந்துவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது பி.என்.டி.டி. பதிவு. வேலையை விட்டதும் சென்டரின் பதிவிலிருந்து உங்கள் பெயர் தானாக நீங்கிவிடாது. ஒரு மாவட்டத்துக்குள் இரண்டு சென்டரில்தான் பெயர் இருக்கலாம் என்பதால், பழைய இடத்தில் பெயர் கிடந்தால் புதிய வேலைக்கும் சிக்கல் வரும். ஆள் மாறுவதை சென்டர்தான் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், ஆனால் அவர்களை நம்பி இருக்காதீர்கள். நானே மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு, இந்தத் தேதியோடு விலகிவிட்டேன், இதற்குப் பிறகு என் பெயரில் வரும் எந்த ஸ்கேனும் என்னுடையது அல்ல என்று எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான் இல்லாத அந்தச் சனிக்கிழமையையும் அதில் குறிப்பிட்டேன். அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வக்கீல் நோட்டீஸ் போன பதினோராவது நாள் சான்றிதழ் கூரியரில் வந்தது, ஓரம் மடங்கியிருந்தது. மூன்று மாதச் சம்பளத்தை அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கடைசி இரண்டு மாதப் பணமும் பிடித்த டி.டி.எஸ்.-ஸும் இன்னும் வரவில்லை. அதே ஏஜென்சி அதே வேலையை, “குடும்பத்தோடு நேரம் செலவிட ஏற்றது” என்ற வரியோடு, போன வாரம் என் ஜூனியர் ஒருத்திக்கு அனுப்பியிருக்கிறது.