பேஸ்பால் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் கையுறையைப் பாருங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் பிள்ளைகளைத் தனியார் பேஸ்பால் பயிற்சிக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஆறு மாதக் கட்டணம் 15,000 ரூபாய், மட்டை, கையுறை, சீருடைக்கு 6,500, ‘மாநிலத் தேர்வு’ என்று 4,000. ஆக 25,500 ரூபாய் கட்டினேன். பணம் போனால் போகிறது. பதினோரு வயது மகன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத்தான் பார்க்க முடியவில்லை.

எனக்கு மாம்பழக்கூழ் ஆலையில் கணக்கு வேலை. மே பிறந்தால் பெங்களூரா மாங்காய் லாரிகள் வாசலில் வரிசை கட்டிவிடும். வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வருவேன். அதற்குச் சற்று முன்புதான் இராயக்கோட்டை சாலையில் அந்த விளம்பரப் பலகையைப் பார்த்தேன். ‘2028 ஒலிம்பிக்கில் பேஸ்பால்! விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை!’ இரண்டும் பொய்யில்லை. லாஸ் ஏஞ்சலஸில் அந்த விளையாட்டு திரும்ப வருகிறது. தமிழக அரசுப் பணிகளில் சாதித்த வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. இதில் பலகை வைத்தவர் எங்கே வருகிறார் என்று நான்தான் கேட்கவில்லை.

மைதானம் என்றது விற்காத வீட்டுமனை. ஓடித் தொட வேண்டிய ‘பேஸ்’ என்பது அங்கே எல்லைக்கல்தான். சறுக்கி விழுந்தால் முட்டி பெயரும்.

என் மகனுக்கு இடக்கைப் பழக்கம். எழுதுவது, கல்லெறிந்து மாங்காய் அடிப்பது எல்லாம் இடது கைதான். பேஸ்பாலில் கையுறை, வீசாத கையில் மாட்டுவது. இடது கையால் வீசும் பையனுக்கு வலது கையில் மாட்டும் கையுறை வேண்டும். பயிற்சியாளர் விற்கக் கொண்டுவந்த மூட்டையில் அப்படி ஒன்றுகூட இல்லை. அதற்காகப் பையனின் கையையே மாற்றிவிட்டார் மனிதர்! “ஆட்டத்தில் வலது கைதான் சார் முறை, பத்து நாளில் பழகிவிடும்” என்றார். இடக்கைப் பந்துவீச்சாளர்களை அமெரிக்காவில் தேடித் தேடி எடுக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பழகாத கையால் தினமும் நூற்றைம்பது வீச்சு, ஞாயிறு மட்டும் விடுமுறை. தூரமோ கிரிக்கெட்டின் 22 கெஜம், அதாவது 66 அடி. பெரியவர்களின் ஆட்டத்திலேயே 60 அடி 6 அங்குலம்தான். அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பாலை நடத்தும் லிட்டில் லீகில் இந்த வயதுப் பிள்ளைகள் 46 அடியிலிருந்து வீசுகிறார்கள். அங்கே 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 வீச்சுதான் உச்சம். 66 வீச்சைத் தொட்டாலே அடுத்த நான்கு நாள் பந்து வீசக் கூடாது.

ஜூன் கடைசியில் ஒருநாள், “அப்பா, சட்டை மாட்டும்போது கை வலிக்கிறது” என்றான். புதிதாக விளையாடுகிறான், வலிக்கத்தான் செய்யும் என்று தைலம் தேய்த்துவிட்டேன். அந்த மடத்தனம் என்னுடையது. முழங்கையின் உட்பக்கம் வீங்கிய பிறகே எலும்பு மருத்துவரிடம் ஓடினோம். வளரும் எலும்பின் குருத்துப் பகுதி அடிபட்டிருக்கிறது, மூன்று மாதம் எதையும் வீசக் கூடாது என்றார்.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் மகனின் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். இளமையில் பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆடியவர். “பையன் எந்தக் கையால் எழுதுகிறான்?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பயிற்சியாளர் கொடுத்த சான்றிதழையும் காட்டினேன். அங்கீகாரம் பெற்ற போட்டியில் வாங்காத சான்றிதழ் ஒதுக்கீட்டுக்கு ஆகாது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம் என்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 2,000 ரூபாய் அனுப்பிவிட்டு என் எண்ணை முடக்கிவிட்டார். ரசீது கிடையாது, கைபேசியில் நான் அனுப்பிய பணமெல்லாம் வேறொரு பெண்ணின் பெயருக்குப் போயிருக்கிறது. அந்த விவரங்களை அச்செடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். இதே ஆளிடம் பணம் கட்டியவர்கள் அந்தப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள்.

போன வாரம் காவேரிப்பட்டினம் பேருந்து நிறுத்தத்தில் அவருடைய புதுப் பலகையைப் பார்த்தேன். ‘எங்கள் நட்சத்திரங்கள்’ என்று நான்கு பிள்ளைகளின் படம். இரண்டாவதாக நிற்பது என் மகன். பந்து வலது கையில் இருக்கிறது.